சீனப் பட்டும் சிவபூசையும்

தமிழ்நாட்டு இல்லங்களுள் சீன தேயத்தின் பெயரை நாள்தோறும் ஒருமுறையேனும் சொல்லாத இல்லம் அரிது. பாலிற் கலப்பது சீனி, பிள்ளைகள் வாயிலிடுவது சீனாக்கற்கண்டு, அடுப்பிலேற்றுவது சீனச்சட்டி, கலங்கல் நீரைத் தெளிவிப்பது சீனக்காரம், தீபாவளியிற் கொளுத்துவது சீனவெடி. சீனர் ஒருவரையேனும் தம் வாழ்நாளிற் கண்டிராத மூதாட்டியாரும் இச்சொற்களை வேற்றுநாட்டுத் தொடர்புடையன என்னும் எண்ணமேயின்றி வழங்குகின்றனர். வடமொழியாளர் வழக்கும் இத்தகையதே. கௌடிலியரது அர்த்தசாத்திரம் சீன நாட்டிற் பிறந்த பட்டினை அரசன் கருவூலத்துக்குரிய பண்டங்களோடு சேர்த்துக் கூறுகின்றது. காளிதாசரும் தம் சாகுந்தலத்திற் கொடியொன்றின் துணியைச் சீனாம்சுகம் என்றே குறித்தார்.

ஒரு நாட்டார் பிற நாட்டார்மேற் கொள்ளும் செல்வாக்கு ஒரே வழியால் அமைவதன்று. உரோமர் தம் படையையும் சட்டத்தையும் முன்னிட்டுச் சென்றனர். அராபியர் வாணிகத்தோடு தம் வேதத்தையும் கொண்டு சென்றனர். ஆங்கிலரோ பண்டகசாலை கட்டிப் பின்னர் அதனையே அரசிருக்கை ஆக்கினர். சீனர் தம் அண்டையிலுள்ள கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளுக்கு எழுத்தையும் கன்பூசியரது ஒழுக்கநெறியையும் ஈந்தனர். வியட்நாமை ஆயிரம் ஆண்டளவும் அடக்கி ஆளவுஞ் செய்தனர். தமிழகத்தளவில் அவரிடமிருந்து வந்தவை பொருள்களே, கொள்கை வந்திலது. கொள்கை சென்றது இங்கிருந்து அங்கே. காஞ்சியினின்றும் போந்தவர் என்று ஒரு வழக்குக் கூறும் போதிதருமரைச் சீனத்துத் தியான நெறியினர் தம் முதற்குரவராகக் கொண்டாடுவதே அதற்குச் சான்றாகும்.

அங்ஙனம் வந்த பொருள்களுட் சீனிக்கும் சட்டிக்கும் சைவரிடத்து வழக்கொன்றுமில்லை. வழக்கிற்குரியது பட்டொன்றே. அஃது ஓர் உயிரைக் கொன்று பெறப்படும் நூல். கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட சைவர் அதனையே தூய்மைக்கு எல்லையாக மதித்துச் சிவபெருமானுக்குச் சாத்துகின்றனர். தாமும் அதனையுடுத்தே பூசைக்கு அமர்கின்றனர். இம்முரண்பாடு எவ்வாறு வந்தது, இதனைப் பிற சமுதாயத்தார் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று ஆராய்தல் சைவர்க்குக் கடப்பாடாகும்.

தமிழ்ச் சைவர் சீன நாட்டைச் செவிவழியாக மட்டும் அறிந்தாரல்லர். முதலாம் இராசராசன் காலத்திற் புறப்பட்ட சோழ நாட்டுத் தூது 1015ஆம் ஆண்டிற் சீன அரசவையைச் சேர்ந்தது. பின்னர் 1033ஆம் ஆண்டில் ஒன்றும், குலோத்துங்கன் காலத்தில் 1077ஆம் ஆண்டில் எழுபத்திரண்டு பேர் கொண்ட மற்றொன்றும் சென்றன. இறுதியிற் கூறிய தூதர்க்குச் சீனப் பேரரசர் 81,800 கோவை செப்புக்காசு அளித்தார் என்று அந்நாட்டுக் குறிப்புக் கூறும். இவற்றினும் சைவர் நெஞ்சை நெகிழ்விப்பது சுவான்சௌ என்னும் துறைமுக நகரத்துச் செய்தி. அங்கே சகம் 1203, அதாவது கி.பி. 1281ஆம் ஆண்டு, சித்திரைத் திங்கள் சித்திரை நாளிற் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒருவர், தவச்சக்கரவர்த்தி எனவும் பெயர் பெற்றவர், மங்கோலியக் கானின் ஆணை பெற்று, அக்கானின் உடல்நலத்தின் பொருட்டுத் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளுவித்தார். இதனைக் கூறும் கல் 1956ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டது. கல்லில் உள்ளன தமிழெழுத்துக்கள். ஈற்றில் ஒருவரி சீன எழுத்தும் உண்டு. கோயில் இன்றில்லை. அதன் தூண்களிற் சில அந்நகரத்துக் கைய்யுவான் என்னும் பௌத்தப் பள்ளியில் இடம் மாறி நிற்கின்றன. யானையொன்று சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும் அந்நகரத்தே கிடைத்துள்ளது. திருவானைக்காத் தலவரலாற்றை அறிந்தார் அதனைக் கண்டால் ஒருகணம் தம்மை மறப்பர்.

அராபியர் அத்துறைமுகத்தை ஜைத்தூன் என்றனர். ஆங்குநின்றும் ஏற்றுமதியான வழுவழுப்பான பட்டுத் துணிக்கும் அப்பெயரே வழங்கி, இன்று துணிக்கடைகளிற் கூறும் சாட்டின் என்னும் சொல் அதனின்றும் பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆதலின் திருக்கதலீசுவரத்து அடியார்கள் பட்டு வாணிகம் தழைத்த நகரத்தின் நடுவே சிவபூசை செய்தவர்களாவர். அவர்கள் தம் நாயனாருக்கு எவ்வாடை சாத்தினர் என்பதைக் கல் கூறவில்லை.

இனிச் சீனர் தாமே இப்புழுவை எவ்வாறு கருதினர் என்பதை நோக்குவோர் வியப்படைவர். மஞ்சட் பேரரசர் எனப்படும் ஆதியரசரின் மனைவி லெய்சூ என்பவள் பருகிய வெந்நீர்க் கலத்தில் முசுக்கட்டை மரத்தினின்றும் ஒரு கூடு விழ, அதனின்றும் நூல் பிரிந்தது என்பது அவர் வழங்கும் கதை. அவ்வரசியைப் பட்டின் தெய்வமாக்கி ஆண்டுதோறும் வழிபட்டனர். பேரரசர் ஏர் பிடித்து உழுவதும், பேரரசியார் முசுக்கட்டை இலை கொய்து புழுவுக்கு இடுவதும் அந்நாட்டு அரசச் சடங்குகள். பீகிங் நகரத்து அரண்மனைச் சோலையில் 1742ஆம் ஆண்டில் எழுப்பிய பட்டுத் தெய்வத்தின் மேடை இன்றும் உள்ளது. குடிமக்களிடத்தே வேறொரு கதை உண்டு: குதிரைத்தோலாற் சுற்றிக் கொண்டுபோகப்பட்ட கன்னியொருத்தியே பட்டுப்புழுவாயினாள் என்பது. புழு வளர்க்கும் திங்களில் அயலார் வீட்டினுட் புகலாகாது. உரத்த பேச்சும் நாற்றப் பொருளும் ஆகா. வரி தண்டுவாரும் அந்நாளில் வாசலை மிதியார். புழுவை ஒரு பெண்ணாகவே எண்ணிப் போற்றினர். போற்றிய அதனையே கொதிநீரிலும் இட்டனர். எஞ்சிய கூட்டுப்புழுவை உணவாகவும் உண்டனர். இதனை இழிவாகக் கூறுதல் ஈண்டுக் கருத்தன்று. தெய்வம் என்று வணங்கியபின் கொல்வதும், ஏதொன்றும் எண்ணாமற் கொல்வதும் புழுவுக்கு ஒன்றேயாயினும், கொல்வார்க்கு ஒன்றல்ல. சீனர் தாம் செய்வதனைத் தாம் அறிந்திருந்தனர்.

பௌத்தம் அந்நாட்டிற் பரவியபின் வழக்கு வெளிப்பட எழுந்தது. பாரத நாட்டுப் பௌத்தத் துறவியர் விதிகளுள் பட்டு நூல் கலந்த விரிப்பினைச் செய்வித்தல் ஆகாதென்பது ஒன்று. அதன்பொருட்டுப் பல்லுயிர் மடிதலே காரணமாகக் கூறப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோ சுவான் என்னும் சீன ஆசிரியர் துறவிகள் பட்டாடை அணிதலை முற்றக் கடிந்தார். அவருக்கு இளையவரான இத்சிங், 671ஆம் ஆண்டிற் கடல்வழியே புறப்பட்டுப் பாரதத்தில் தங்கி, 695ஆம் ஆண்டில் மீண்டவர், அதனை மறுத்தார். பாரதத்துத் துறவியர் பட்டு உடுத்தலைத் தம் கண்ணாற் கண்டதாகவும், வேண்டிச் செய்வியாது கிடைத்ததனை உடுத்தல் குற்றமன்றென்றும், இவ்வாறு நுணுகி நோக்கின் உயிர் வாழ்தற்கே வழியின்றிப் போகும் என்றும் அவர் வாதித்தார். இருவரும் கற்றோர், இருவரும் ஒழுக்கத்தில் நின்றோர். பட்டின் பிறப்பிடத்தே, பட்டினாற் செல்வம் பெருக்கிய நாட்டிலேயே, ஒரு துறவி எழுந்து அது வேண்டா என்று கூறினார் என்பதே ஈண்டுக் கொள்ளத் தக்கது. பட்டு விளையாத காலத்திலும் பட்டினை உடுத்துவந்த தமிழகத்தில் அத்தகைய குரல் மிகப் பிற்காலத்தே தான் கேட்கலாயிற்று.

உரோமரும் பட்டினைக் கடிந்ததுண்டு. ஆனாற் காரணம் வேறு. கி.பி. 16ஆம் ஆண்டில் அவர் மன்றம் ஆடவர் பட்டுடுத்தலைத் தடுத்தது. பொன் வெளிநாட்டிற் போகின்றதென்று பிளினி வருந்தினார். இசுலாம் ஆடவர்க்குப் பட்டினை விலக்கியது செருக்கினை ஒடுக்குதற்பொருட்டு. இவர்களது மறுப்பிற் புழுவுக்கு இடமில்லை.

புழுவின்பொருட்டே ஒரு நாட்டில் ஆணை பிறந்ததெனின் அது மத்திய ஆசியாவிலுள்ள கோத்தன் நாட்டிலேயாம். சீனர் பட்டுப்புழுவின் முட்டை எல்லை கடவாதபடி காத்து வந்த காலத்து, கோத்தன் அரசனுக்கு மணமகளாகச் சென்ற கிழக்கு நாட்டு இளவரசி தன் தலையணியுள் முட்டையையும் முசுக்கட்டை விதையையும் மறைத்துக் கொண்டு சென்றாள். எல்லைக் காவலர் அரசமகள் முடியைத் தொட்டுச் சோதிக்க அஞ்சினர். இக்கதையை எழுதிவைத்தவர் யுவான் சுவாங், கி.பி. 640ஆம் ஆண்டளவிற் காஞ்சிபுரத்தைக் கண்ட அவரே. பணிப்பெண் ஒருத்தி இளவரசியின் முடியைச் சுட்டுவதாகத் தீட்டிய பழைய மரப்பலகையொன்றை 1900ஆம் ஆண்டில் அந்நாட்டு மணற்காட்டினின்றும் அகழ்ந்தெடுத்தனர். கதையின் இத்துணையும் பலர் அறிவர். இதன்மேல் யுவான் சுவாங் கூறியதனைப் பலர் நோக்கார். அவ்வரசி முதற் புழுக்களை வளர்த்த இடத்தே ஒரு பள்ளி கட்டுவித்து, பட்டுப்புழுவைக் கொல்லலாகாது என்றும், விட்டில் கூட்டை நீங்கிப் பறந்தபின்னரே நூல் எடுத்தல் வேண்டும் என்றும், இதனைக் கடந்தார்க்குத் தெய்வத் துணை இல்லை என்றும் கல்லிற் பொறிப்பித்தாள் என்பது அவர் எழுதியது. சீனத்தினின்றும் பொருளை ஏற்ற நாடுகள் பல. பொருளை ஏற்று, அதனோடு வந்த கொலையை வாசலிலேயே நிறுத்திய நாடு இஃதொன்றே எனலாம். முட்டையைக் களவிற் கொண்டுசென்றவளே இவ்வறத்தையும் விதித்தாள் என்பது சிந்தித்தற்குரியது.

பாரதத்திற் பட்டு முழுவதும் சீனத்தினின்றே வந்ததென்று கூறுதலும் பொருந்தாது. சிந்துவெளி நாகரிகத்து ஊராகிய அரப்பாவிற் காட்டுப்பட்டு இழைகள் கிடைத்துள்ளன. கூட்டினைத் தன்னைச் சூழ இழைத்து அதனுள்ளே தானே அகப்படும் புழுவினை, வினையாற் கட்டுண்ட உயிருக்கு மாபாரதத்துச் சாந்திபருவம் உவமை கூறும். எனினும் முசுக்கட்டை இலையுண்டு வீட்டினுள் வளரும் பட்டுப்புழு சீனத்ததே. அது தென்னாட்டின் இப்பகுதிக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். திப்பு சுல்தான் அதனை மைசூர் நாட்டிற் பரப்பினார்; மைசூரை அடுத்த ஓசூர்ச் சீமையும் அதன் பயனைப் பெற்றது. இன்று உலகிற் பட்டு விளைப்பதிற் சீனம் முதலாவது, இந்தியா இரண்டாவது. மலிவான சீன நூல் உள்நாட்டு விலையைக் கெடுத்தமையால் 2003ஆம் ஆண்டில் அதன்மேல் மிகுவரி விதிக்க நேர்ந்தது. சீனத்துப் பிறந்த தொழில் சீனத்தோடே போட்டியிடுகின்றது.

ஓசூரினின்றும் தேன்கனிக்கோட்டை வழியாக ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையிலுள்ளது அஞ்செட்டி. கன்னட எல்லை அணித்தே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே திண்ணையிற் கலந்து வழங்கும். காடு சூழ்ந்த வானம்பார்த்த நிலம். கேழ்வரகு கதிர் முற்றுங்காலத்துக் காட்டுயானை இறங்கும். ஓராண்டு உழைப்பு ஓரிரவிற் போகும். இளைஞர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். ஊரில் எஞ்சியோருட் கிணற்றுநீர் உடையார் மல்பெரி நட்டுப் புழு வளர்க்கின்றனர். முட்டை பொரித்த நாள்முதல் இருபத்தைந்து நாளளவில், நான்குமுறை தோலுரித்து, புழு முதிர்ந்து கூடு கட்டும். ஒரு திங்களுள் கையிற் காசு வரும் வேளாண்மை இவ்வறண்ட சீமையில் வேறில்லை. கூடுகள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அங்காடிகளுக்கும், எல்லைக்கப்பால் இராமநகரத்துக்கும் செல்லும். புழுமனையின் ஒழுக்கம் காணத்தக்கது. சுண்ணாம்பிட்டுத் தூய்மை செய்து, கால் கழுவிப் புகுவர், செருப்போடு புகார், அயலாரை விடார், புகையிலை நாற்றமும் ஆகாது. சீனத்து ஊர்களில் வழங்கிய அதே விலக்குகளை, சீனத்தைப் பற்றி ஒன்றும் கேள்வியுறாத அஞ்செட்டிப் பெண்டிர் கைக்கொள்கின்றனர். கொள்கை வந்திலது என்று மேலே கூறப்பட்டது. தொழிலோடு ஒழுக்கமும் ஒருவாறு வந்துளதோ என்று எண்ண இடமுண்டு. ஆயின் நோய் தடுக்கும் தேவையே இரு நாட்டாரையும் ஒரே வழியிற் செலுத்திற்று என்பதே பொருத்தமுடைத்து.

அஞ்செட்டியைச் சார்ந்த சிற்றூரொன்றிற் சிவதீக்கை பெற்ற முதியவர் ஒருவர் உளர். மனையின் ஓரறையிற் புழு, மற்றோரறையிற் சிவலிங்கம். அவர் பட்டுடுத்துப் பூசை செய்தலை நெடுநாள் முன்னரே விட்டவர். தோய்த்துலர்ந்த பருத்தி வேட்டியே உடுப்பார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பேத்திக்குத் திருமணம் உறுதியாயிற்று. கூறைப்புடைவை பட்டாக இருத்தல் வேண்டும் என்று சம்பந்தியார் கூறியனுப்ப, முதியவர், "பருத்தியிலே நல்ல புடைவை இல்லையா?" என்றார். அவர் மகன் பணிவோடு, "அப்பா, இந்தச் சுவர் எழுந்தது புழுவினால், பிள்ளை படித்தது புழுவினால், இப்போது கலியாணம் நடப்பதும் அதனாலேதான். புடைவையில் மட்டும் அது ஆகாதென்றால் எவர் ஒப்புவார்?" என்றான். முதியவர் மறுமொழி கூறிற்றிலர். கூறை பட்டாகவே வந்தது. மணநாளன்று சிவலிங்கத்துக்குச் சாத்தியது மட்டும் வெள்ளைப் பருத்தி.

மகன் கூற்றில் உண்மை உண்டென்பதை மறுத்தல் நேர்மையன்று. ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோவில் ஐந்நூறு அறுநூறு கூடு நிற்கும். எனவே ஒரு கிலோ நூலுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர். வளர்ப்பவர் அவற்றைக் கொல்லுவதில்லை, உயிரோடு விற்கின்றனர். நூல் எடுப்பவர் ஆவியிலோ வெப்பக்காற்றிலோ அவற்றை மாய்க்கின்றனர். நெய்பவர் நூலை மட்டும் அறிவர். வணிகர் துணியை மட்டும் அறிவர். உடுப்பவர் விலையை மட்டும் அறிவர். இவருட் கொலை எவரைச் சாரும்? புலால் விற்பவனையும் அதனை வாங்குபவனையும் திருவள்ளுவர் ஒருங்கே நிறுத்திக் காட்டியது இதற்கும் ஒக்கும். அஞ்செட்டியிலுள்ள உழவர்க்கு வேறு பிழைப்பு அரிது. வாங்குவார்க்கு வேறு துணி அரிதன்று. ஆகலின் குற்றத்தின் பெரும்பகுதி வேறு வழியுடையாரையே சாரும் என்க.

இனிச் சைவருட் சிலர் கூறும் தடைகளை நோக்குவாம் எனின், அவை மூன்று வகைப்படும். யானையை உரித்துப் போர்த்தவனும் புலித்தோலை உடுத்தவனும் ஆகிய பெருமானுக்குப் பட்டு ஆகாதோ என்பர். யானையுரித்தது ஆணவமலத்தை அடக்கியதனைக் காட்டும் என்று ஆன்றோர் உரைத்த பொருளை அறிந்தார் இதனைக் கூறார். அழித்தல் இறைவன் தொழில். அதனை எடுத்துக்காட்டி உயிர்கள் தாம் கொல்லப் புகுதல் எந்நூலுக்கும் உடன்பாடன்று. பட்டுத் தீட்டேறாதது, ஆதலின் பூசைக்குச் சிறந்தது என்பர் வேறு சிலர். நாள்தோறும் நனைக்க இயலாத உயர்ந்த துணிக்கு அச்சலுகை வழங்கிற்று போலும். ஆறுமுக நாவலர் ஆலயஞ் செல்வார்க்கு வற்புறுத்தியது தோய்த்துலர்ந்த ஆடையே அன்றோ?

மூன்றாவது தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. சங்கும், மத்தளத்தின் தோலும், கோரோசனையும், கத்தூரியும் உயிரினின்றும் வந்தனவே. பட்டை மட்டும் விலக்குதல் யாது முறை என்பது அது. மத்தளத்துக்குத் தானே இறந்த மாட்டின் தோல் கிடைத்தல் கூடும். சங்கிற்கும் கத்தூரிக்கும் அவ்வாறு கூறி அமைதல் அரிது. இத்சிங்கின் வாதம் இவ்விடத்தே தன் வலியைக் காட்டுகின்றது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டுப்புழுவைப் போல் கொல்லுதற்பொருட்டே இலட்சக்கணக்கிற் பிறப்பிக்கப்படும் உயிர் அவற்றுள் இல்லை. பலவாயிரம் ஆண்டு மனிதர் வளர்ப்பிலே இருந்தமையால் அதன் விட்டில் பறக்கும் ஆற்றலையும் இழந்துவிட்டது. மாணிக்கவாசகர் தாம் கடந்துவந்த பிறவிகளை எண்ணுமிடத்துப் புழுவையும் ஒதுக்காமல் எண்ணினார். பசு என்று சித்தாந்தம் கூறும் உயிர் மக்களுள் மட்டும் இருப்பதன்று. புழுமனையில் தட்டுத்தட்டாகக் கிடப்பனவும் அனாதியே மலத்தாற் கட்டுண்டு திருவருளை நோக்கிக் கிடக்கும் ஆன்மாக்களே. அவற்றின் போர்வையை உரித்துப் பதிக்குச் சாத்துதல் எவ்வாறு அன்பாகும்?

அடியார் சரிதங்களிலே ஆடை கூறப்படும் இடங்களைத் தொகுத்து நோக்கினும் இதுவே புலனாகும். அமர்நீதி நாயனாரிடத்து இறைவன் வந்து கேட்டது கோவணம். அவர் செல்வம் முழுவதும் அதற்கு ஈடாகவில்லை. திருக்குறிப்புத்தொண்டர் காஞ்சியில் வெளுத்துக் கொடுக்க ஏற்றது அடியவர் ஒருவரது அழுக்கேறிய கந்தை. நேச நாயனார் காம்பீலி நகரத்துச் சாலியர். கைத்தொழிலை நெய்தலிலும் மனத்தொழிலைத் திருவடியிலும் வைத்து அவர் அடியார்க்கு அளித்தவை உடையும் கீளும் கோவணமும். காம்பீலியைக் கன்னட நாட்டதென்பர். அஞ்செட்டியிற் கன்னடம் பேசும் சிவனடியார்க்கும் அவர் உறவினர் போல்வார். இச்சரிதங்களிற் பட்டுக்குச் சிறப்பிடம் இல்லாதிருப்பது வறுமையாலன்று. அமர்நீதியார் பொன்னும் மணியும் விற்ற பெருவணிகர்.

அண்மைக் காலத்தே காஞ்சிக் காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் திருமணத்திற் பட்டினை விடுமாறு பலகாலும் அறிவுறுத்தினார். பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியிலிருந்தே அக்குரல் எழுந்தது. சைவ மடங்களிலும் இது பேசப்படுதல் நன்று. திருக்கோயிலிற் பட்டுச் சாத்தும் வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்துக என்று கூறுதல் நெசவாளர் பல்லாயிரவர் வயிற்றில் அடிப்பதாகும். ஆதலின் தன் மனையில் ஆன்மார்த்த பூசை செய்வார் தம்மளவிற் பருத்திக்கு மாறுதலே முதற்படியாகத் தக்கது. சாத்தும் துணி பருத்தியாயின் நெசவாளர்க்கு இழப்பில்லை. தறி அதனையும் நெய்யும்.

கோத்தன் அரசியின் விதிப்படி விட்டில் நீங்கிய கூட்டினின்றும் நூல் எடுத்தல் இன்றும் இயல்வதே. துளைபட்ட கூட்டில் இழை அறுந்துபோதலின் ஒரே நீள இழையாக இழுத்தல் ஆகாது. பருத்தியைப் போல் நூற்க வேண்டும். நூல் சற்றே தடித்து, ஒளி குறைந்து நிற்கும், விலையோ மிகும். கொல்லாப் பட்டு என்று கூறி இதனை விற்பாரும் உளர். இத்தகைய கூடு வித்தகங்களில், அதாவது முட்டை உண்டாக்கும் நிலையங்களில், இயல்பாகவே மிகுதியாகக் கிடைக்கும். அங்கே விட்டில் வெளிவந்து முட்டையிடுதல் வேண்டுமாதலின் கூட்டை அவிப்பதில்லை. ஓசூரிலே 1990ஆம் ஆண்டுமுதல் மல்பெரி வகைகளையும் பட்டுப்புழு இனங்களையும் அழியாது காக்கும் நடுவண் நிலையமொன்றும் உள்ளது. சீனத்தினின்றும் ஜப்பானினின்றும் வந்த இனங்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுகின்றன.

அம்முதியவர் இச்செய்தியைக் கேட்டுப் பெரிதும் மகிழ்ந்தார். வித்தகத்துக் கூட்டினால் நூற்ற துணியாயிற் பெருமானுக்குச் சாத்தலாமே என்றார். அப்பொழுது வித்தகத்திற் பணி செய்த உறவினர் ஒருவர் மற்றொன்றும் கூறினார். பெப்ரின் என்னும் நோய் தாயினின்றும் முட்டைக்குச் செல்வது. அதனைத் தடுக்க, முட்டையிட்டு முடித்த தாய் விட்டிலை அரைத்து நுண்ணோக்கியால் ஆராய்வர். 1860களில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் கண்ட முறை அது. விட்டில் எஞ்சிய சில நாளில் தானே மடிவதுதான். ஆயினும் அந்நாள்களை அதற்கு விடுவதில்லை. முதியவர் நெடுநேரம் வாளாவிருந்து, பிறகு, "அப்படியானால் பருத்தியே இருக்கட்டும், தம்பி" என்று கூறிவிட்டு, மாலைப் பூசைக்கு நேரமாதலின் கைகால் கழுவுதற்குக் கிணற்றடிக்கு எழுந்து சென்றார்.